அத்தியாயம் 6: வெந்நீருக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு?

மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்ட வீட்டில், நல்ல வெயில் நாளில் சுமார் 12 யூனிட் கிடைக்கும். அதில் பெரும்பகுதி காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவில் வந்து குவிகிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். வீட்டில் ஓடுவது ஃபிரிட்ஜும் ஒரு மின்விசிறியும்தான். மிஞ்சுகிற மின்சாரத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பேட்டரி. மற்றொன்று, பலரும் சேமிப்பு என்று நினைத்தே பார்க்காத கீசர்த் தண்ணீர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடாகத் தேவைப்படுவதைச் சூடாகவே சேமியுங்கள். மின்சாரமாகத்தான் வேண்டும் என்பதை மட்டும் பேட்டரியில் வையுங்கள். பேட்டரி மின்சாரத்தில் ஒருநாளும் தண்ணீர் காய்ச்சாதீர்கள். இந்த அத்தியாயத்தில் மற்றவை எல்லாம் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிகள்.

உங்கள் இணைப்பு எந்த வகை?

எந்தக் கணக்கையும் தொடங்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால், தமிழ்நாட்டில் அண்மையில் சோலார் போட்ட பல வீடுகள் அந்த அளவிலேயே நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்தவை.

நெட் மீட்டர் முறையில் பகலில் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட், இரவில் நீங்கள் எடுக்கும் யூனிட்டில் கழிகிறது. அப்படியானால் கீசரை மதியம் 12 மணிக்குப் போட்டாலும் காலை 6 மணிக்குப் போட்டாலும் பில்லில் வித்தியாசம் வராது. மின்வாரிய லைனே உங்களுக்குப் பேட்டரியாக இருக்கிறது. இந்த வீட்டுக்காரர் பணம் மிச்சப்படும் என்று நம்பிப் பேட்டரி வாங்கினால் அந்தப் பணம் திரும்ப வராது. மின்தடைக்காக வாங்கினால் அது நியாயமான செலவு. ஏனென்றால், லைனோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேன்மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உச்சிவெயில் அடித்துக்கொண்டிருக்க, வீட்டில் மின்விசிறி ஓடாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு, வாங்கும் விலையைவிடக் குறைவாகக் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் கதை மாறுகிறது. வெளியே அனுப்பவே முடியாதபடி அமைத்த ஹைப்ரிட் வீடுகளிலும், லைனே போகாத தோட்டத்து வீடுகளிலும் முழுக்கவே மாறுகிறது. அங்கெல்லாம் உச்சிப்பொழுதில் பயன்படுத்தாத மின்சாரம் பாதி விலைக்கோ இலவசமாகவோ போகிறது, அல்லது பேனலிலேயே உற்பத்தியாகாமல் நின்றுவிடுகிறது. பங்கு பிரிக்கும் வேலை இவர்களுக்குத்தான் முக்கியம்.

நெட் மீட்டர் வைத்திருப்பவர்களும் இதை அலட்சியமாகத் தாண்டிப் போக வேண்டாம். 2023-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரத்துக் கட்டணத்தைக் குறைக்கவும் மாலை உச்ச நேரத்துக் கட்டணத்தைக் கூட்டவும் வழி வகுத்திருக்கின்றன. இலங்கையில் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது மின் தேவை மிகவும் குறைந்திருந்ததால், கூரை சோலார் வைத்திருந்தவர்களைப் பகலில் இணைப்பை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. லைன் எல்லாக் காலத்திலும் எல்லா யூனிட்டையும் வாங்கிக்கொள்ளும் என்று எண்ணி வீட்டு ஏற்பாட்டைச் செய்யக் கூடாது.

தண்ணீரின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் ஒரு யூனிட். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டே உங்கள் வீட்டுத் தேவையைப் போட்டுப் பார்க்கலாம்.

நான்கு பேர், ஆளுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட், குளிக்கும் சூடு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மதுரையிலோ சென்னையிலோ மார்கழியில் மேல்தொட்டித் தண்ணீர் 26 டிகிரி அளவில் இருந்தால், ஏற்ற வேண்டியது 14 டிகிரிதான். 80 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.3 யூனிட் வரும். ஊட்டியில் தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும் காலையில் அதே நான்கு பக்கெட்டுக்கு 2.6 யூனிட் ஆகும். சரியாக இரண்டு மடங்கு. சமவெளிக்காரருக்குச் சொல்லும் யோசனையை மலைக்காரருக்கு அப்படியே சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

கீசர் தண்ணீரை 60 டிகிரிக்குக் காய்ச்சி வைக்கிறது, நாம் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிறோம். 25 லிட்டர் கீசரை 26-லிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். கலந்தால் மூன்று பக்கெட் கிடைக்கும். ஆனால் அது காய்ச்சிய உடனே குளிப்பவருக்கான கணக்கு. நம் ஊரில் குளியல் காலையில், வெயில் மதியத்தில். மதியம் 1 மணிக்குக் காய்ந்த தண்ணீர் மறுநாள் 6 மணிவரை, 17 மணி நேரம் கீசருக்குள் காத்திருக்க வேண்டும்.

நல்ல காப்பு உள்ள கீசரில் அதற்குள் சூடு 50 டிகிரி அளவுக்கு இறங்கும். அப்போது 25 லிட்டரிலிருந்து இரண்டு பக்கெட்தான் தேறும். ஆகவே சோலாருக்கென்று கீசர் வாங்குபவர் 25-க்குப் பதில் 50 லிட்டர் வாங்க வேண்டும். 60 டிகிரிக்கு ஏற்ற இரண்டு யூனிட் ஆகும். மறுநாள் காலை, இடையில் இழந்த சூடு போக, நான்கு பேருக்கு நான்கு பக்கெட் தாராளமாகக் கிடைக்கும். நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். சேமிப்புக் கீசர்களுக்குக் கொடுக்கப்படும் நட்சத்திரம், 24 மணி நேரம் சும்மா இருக்கும்போது அது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான். காலையில் போட்டு உடனே குளிக்கும் வீட்டுக்கு அந்த முத்திரையால் பெரிய பலன் இல்லை. மதியம் காய்ச்சி மறுநாள் குளிக்கும் வீட்டுக்கு அதுவே எல்லாம்.

ஏற்கெனவே கீசர் இருந்தால் ஒரு சோதனை போதும். மதியம் முழுச் சூடாக்கி, சுவிட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலை முதலில் வரும் தண்ணீரில் ஒரு சமையல் வெப்பமானியை வையுங்கள். 45-க்குக் கீழே காட்டினால் அந்தக் கீசர் சேமிப்புக்குத் தகுதியில்லை. அந்த வீட்டில் இருவராவது குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்வது, புதுக் கீசர் வாங்குவதைவிட நல்ல யோசனை.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது எதையும் சேமிப்பதில்லை. 3 கிலோவாட்டைச் சில நிமிடம் இழுத்துவிட்டு நிற்கும். 3 கிலோவாட் சோலார் அந்த இழுப்பைத் தனியாகத் தாங்காது.

பேட்டரியின் கணக்கு

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் போட்ட மின்சாரத்தில், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து, ஏறக்குறைய 85 சதவீதம் திரும்ப வரும். பழைய ட்யூபுலர் பேட்டரியில் 70 முதல் 80 சதவீதம். இந்த இழப்பைவிடப் பெரியது தேய்மானம். கடைக்காரர் விலை சொன்னதும் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். 5 யூனிட் பேட்டரி, ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் பயன்படுத்துகிறோம், 4,000 சுழற்சி உழைக்கும் என்றால், அது தன் ஆயுளில் தருவது 16,000 யூனிட். விலை 1,20,000 ரூபாய் என்று சொன்னால், அதன் வழியாக வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏழரை ரூபாய் வாடகை கொடுக்கிறீர்கள். பேனலின் செலவு அதில் சேரவில்லை.

அந்த விலை கொடுத்துச் சேர்த்த மின்சாரத்தைத் தண்ணீர் காய்ச்சச் செலவிடுவது, நெல்லுக்கு இறைத்த நீரை ரோட்டில் விடுவது போல. ஒரு யூனிட் சூட்டைப் பிடித்துவைக்கும் 25 லிட்டர் கீசரின் விலை பத்தாயிரம் ரூபாய் சுற்றில்தான் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைப் பிடித்துவைக்கும் பேட்டரிக்கு மேலே சொன்ன விலைப்படி 24,000 ரூபாய்.

பேட்டரியில் வைக்க வேண்டியவை இரவின் மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், இணைய மோடம், வீட்டில் நோயாளி இருந்தால் அவருடைய மூச்சுக் கருவி. இவற்றுக்கு வேறு வழியில்லை. இங்கே பேட்டரி வாங்குமுன் மின்விசிறியை மாற்றுங்கள் என்பேன். மூன்று சாதாரண மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் முக்கால் யூனிட்டுக்குள் அதே காற்றைத் தரும். மிச்சமான ஒரு யூனிட்டுக்கான பேட்டரியை நீங்கள் வாங்கவே வேண்டியதில்லை. இரவு முழுக்க ஏ.சி.யைப் பேட்டரியில் ஓட்டுவது லைன் இல்லாத வீட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

பேட்டரி கீசரை ஓட்டாமல் தடுப்பது

ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்ட வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான், அது கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கிறது. இன்வெர்ட்டரின் வேலை, வீட்டில் எந்தச் சுமை வந்தாலும் லைனிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொள்வது. மெயின் வயரில் மாட்டியிருக்கும் மின்னோட்ட அளவி வழியாக அது சுமையைப் பார்க்கிறது. காலை 6 மணிக்குக் கீசர் 2,000 வாட்டை இழுத்ததும், சூரியன் இல்லாததால், பேட்டரியைத் திறந்துவிடுகிறது. இரவெல்லாம் காத்த மின்சாரம் அரை மணியில் ஒரு யூனிட் குறைந்துவிடும். இதை வீட்டார் கவனிப்பதில்லை. அடுத்த வாரம் மின்தடையின்போது பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிட்டது என்று பேட்டரிமேல் பழி விழும்.

இதற்கு முதல் தடுப்பு வயரிங்கில் இருக்கிறது. ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் மின்தடையின்போதும் உயிரோடு இருக்கும் வெளியீடு தனியாக உண்டு. கீசர், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் ஆகியவை அந்தப் பக்கம் இருக்கவே கூடாது. கரண்ட் போன நேரத்தில் இரண்டு குளியலறையிலும் கீசர் போட்டால் 4,000 வாட் ஆகிறது. 3 கிலோவாட் இன்வெர்ட்டர் விழுந்து வீடே இருளும்.

இரண்டாவது தடுப்பு நேரம். டி.பி. பாக்ஸில் கீசர் லைனுக்கு ஒரு டைமரும், அதன் மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டரும் போட்டு, காலை 11 முதல் பிற்பகல் 1.30 வரை மட்டும் கீசருக்குக் கரண்ட் போகும்படி செய்துவிடலாம். டைமர் இல்லாவிட்டால், காலையில் சூடு 50-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்துக் கீசரின் தெர்மோஸ்டாட் தானே மறுபடி காய்ச்சத் தொடங்கும், நேற்றுச் சேமித்ததற்கு அர்த்தமில்லாமல் போகும். விருந்தாளி வந்த நாளுக்கு டைமரைத் தாண்டிப் போட ஒரு கைச்சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் ஒருவர் டைமரையே கழற்றிவிடுவார்.

மூன்றாவது, இன்வெர்ட்டர் அமைப்பிலேயே பேட்டரி எந்த நேரத்தில் இறங்கலாம் என்று கட்டுப்படுத்துவது. மாலை 6 முதல் காலை 5 வரை மட்டும் என்று வைத்தால், காலைக் குளியல் நேரத்தில் பேட்டரி மின்தடைக்குத் தவிர வேறெதற்கும் திறக்காது.

சில எலக்ட்ரீஷியன்கள் கீசர் லைனை மின்னோட்ட அளவிக்கு முன்னால், மீட்டர் பக்கமாக எடுத்துவிடுகிறார்கள். அப்போது இன்வெர்ட்டருக்குக் கீசர் இருப்பதே தெரியாது, பேட்டரியும் திறக்காது. லைனுக்கு அனுப்ப அனுமதி உள்ள வீட்டில் இது அருமையான ஏற்பாடு. மிச்ச மின்சாரம் வெளியே போகும் வழியிலேயே கீசர் அதை எடுத்துக்கொள்ளும். வெளியே அனுப்பாதபடி அமைத்த வீட்டில் இதைச் செய்யாதீர்கள். அங்கே, சுமை இல்லை என்று நினைத்து இன்வெர்ட்டர் பேனலின் உற்பத்தியை மடக்கிவிடும். கீசர் உச்சிவெயிலில் மின்வாரியக் கரண்ட்டில் காயும்.

யாருக்கு முதல் பங்கு?

மழையில்லாத நாளில் இதற்குச் சண்டையே வேண்டாம். இரவில் இரண்டு மூன்று யூனிட் இறங்கிய பேட்டரி, காலை 8 மணியிலிருந்து ஏறத் தொடங்கினால் பதினொன்றரை வாக்கில் நிரம்பிவிடும். அதன்பின் கீசர். அது முடிந்ததும் மோட்டார், வாஷிங் மெஷின். மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், கீசரும் மோட்டாரும் ஒரே நேரத்தில் வராதபடி பாருங்கள்.

மேகமூட்டமான நாளில்தான் தேர்வு செய்ய வேண்டும். சில ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் பேட்டரி குறிப்பிட்ட அளவு நிரம்பிய பிறகே மூடும் ரிலே இருக்கிறது. 90 சதவீதத்தில் கீசரைப் போட்டு, 80-க்கு இறங்கினால் நிறுத்தும்படி அமைத்துவிட்டால், மேகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம். வாங்கும்போதே இந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், கீசர் பாதியாக இழுக்காது என்பது. மிச்சம் 1,200 வாட் இருக்கும்போது 2,000 வாட் காயில் போட்டால், மீதி 800 வாட் லைனிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வரும். பிரிட்டனில் வீடுகளில் பெரிய வெந்நீர்த் தொட்டியும் 3 கிலோவாட் காயிலும் இருப்பதால், மிச்ச மின்சாரத்தை அளந்து அந்த அளவு மட்டும் காயிலுக்கு விடும் திருப்பிக் கருவிகள் அங்கே பரவலாக இருக்கின்றன. அது நல்ல கருவிதான். ஆனால் அது வெறும் காயிலுக்கு மட்டும் உரியது. எண்கள் ஒளிரும் டிஜிட்டல் கீசரிலோ ஹீட் பம்ப்பிலோ மாட்டினால் அவை கெட்டுப்போகும். நம் வீட்டுக்கு எளிய வழி, அந்த மாடலுக்குப் பொருந்தும் 1,000 வாட் காயிலை மாற்றிக்கொள்வது. காய இரண்டு மடங்கு நேரம் ஆகும். மதியத்தில் யாருக்கும் அவசரம் இல்லையே! மாற்றுமுன் உத்தரவாதம் போகுமா என்று மட்டும் விசாரியுங்கள்.

காலத்துக்கு ஏற்ற மாற்றம்

சித்திரை, வைகாசியில் சமவெளியில் கீசரை மறந்துவிடலாம். மேல்தொட்டித் தண்ணீரே சூடாக வருகிறது. பேட்டரி நிறைந்தபின் வருவதைப் பகல் ஏ.சி.க்கு விடுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும்தான் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழையில் வெந்நீர் தேவை கூடுகிறது, வெயில் குறைகிறது, மின்தடையும் அப்போதுதான் வருகிறது. மூடிய வானத்தில் 12 யூனிட் தந்த பேனல் மூன்று நான்கு யூனிட்தான் தரும். புயல் எச்சரிக்கை வந்ததும் பங்கு முழுவதையும் பேட்டரிக்கு மாற்றுங்கள். முந்தைய நாளே கீசர் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, பேட்டரியை லைனிலிருந்தாவது 100 சதவீதம் ஏற்றி, மேல்தொட்டியை நிரப்பி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் இருந்தன. அப்படிப்பட்ட நாட்களில் வெந்நீரை விறகடுப்பிலோ கேஸிலோ வைத்துக்கொள்ளலாம். செல்பேசியையும் மருந்து வைத்த ஃபிரிட்ஜையும் வேறெதிலும் ஓட்ட முடியாது.

மலை வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஊட்டி, கொடைக்கானலில் ஆண்டு முழுக்க வெந்நீர் வேண்டும் என்பதால், மாடியில் இடமிருந்தால் வெயிலில் நேரடியாகத் தண்ணீர் காய்ச்சும் சோலார் ஹீட்டர் போடுவதே மேல். இரண்டு சதுர மீட்டர் தகடு தெளிந்த நாளில் நான்கு யூனிட்டுக்கு மேல் சூட்டைப் பிடிக்கும். அதே இடத்தில் மின்சாரப் பேனல் இரண்டு யூனிட் கூடத் தராது. பேனல் மின்சாரம் முழுவதும் பேட்டரிக்கு மிஞ்சும். சமவெளியில் அது வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும். உப்பு மிகுந்த போர்த் தண்ணீர் உள்ள ஊர்களில் குழாய்கள் அடைத்தும் போகும். பெரிய குடும்பத்துக்கு, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் சூடு தரும் ஹீட் பம்ப்பையும் யோசிக்கலாம்.

பாதுகாப்பு

தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி வளரும். அதனால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று தெர்மோஸ்டாட்டை 45-க்கு இறக்காதீர்கள், 60-லேயே வையுங்கள். அதே 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, அதில் வெந்நீரைக் கலக்கும் பழக்கம் வேண்டும். கீசருக்குத் தனி எம்.சி.பி., சரியான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாமல் டைமர் வேலையைத் தொடங்கவே கூடாது.

இன்வெர்ட்டர் பொருத்த வருபவரிடம், கடைசித் தவணைப் பணம் கொடுக்குமுன் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். மெயினை இறக்கிவிட்டுக் கீசர் சுவிட்சைப் போடட்டும். கீசரின் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் வயரிங் தவறு, அதை மாற்றித் தந்த பிறகே பணம் கொடுங்கள்.